குனியாத மகாராஜாவின் கோல்ஃப்

காரைமலை சமஸ்தானத்து மகாராஜா வரகுணரங்க பூபதிக்குக் கோல்ஃப் பைத்தியம் பிடித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வேட்டைக் காட்டில் பாதியை அழித்துப் புல் வளர்த்தார். சீமையிலிருந்து மட்டைகள் வந்தன. பந்துகள் பெட்டி பெட்டியாக வந்தன. ஆட்டம் மட்டும் வரவில்லை.

காரணம் எல்லோருக்கும் தெரியும். மட்டை கீழே இறங்கும்போதே, பந்து எங்கே போகிறது என்று மகாராஜா தலையைத் தூக்கிப் பார்த்துவிடுவார். பந்து போயிருந்தால்தானே? மட்டை அதன் உச்சியைத் தடவிவிட்டு வரும். இல்லையென்றால் ஒரு கூடைப் புல்லைப் பெயர்த்துக்கொண்டு வரும். தப்பித்தவறிப் பறந்த பந்தும் கருவேலம் புதருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இதை அவரிடம் சொல்லத்தான் ஆளில்லை. காரைமலை வம்சத்தில் யாரும் தலை குனிந்ததில்லை என்று ஒரு பெருமை. கோயில் வாசல் நிலையைக்கூட இரண்டு முழம் உயர்த்திக் கட்டியிருந்தார்கள். ஆட்டம் சொல்லிக்கொடுக்க வந்த வெள்ளைக்கார வாத்தியார் முதல் நாளே, "தலையைக் குனிந்தே வைத்திருங்கள்" என்றார். அன்று சாயங்கால ரயிலிலேயே அவரை ஏற்றிவிட்டார்கள்.

மகாராஜா எப்படி ஆடினால் நமக்கென்ன என்றுதான் அந்தரங்கக் காரியஸ்தர் தாணு பிள்ளையும் இருந்தார், கருங்கோட்டை ஜமீன்தார் விருந்துக்கு வரும்வரை. சாப்பிட்டு முடிந்ததும் பேச்சு கோல்ஃபுக்குத் தாவியது. வெள்ளிக்கிழமை ஆடிப் பார்த்துவிடலாம் என்று முடிவாயிற்று. ஜமீன்தார் தன் அரபிக் குதிரையைப் பந்தயமாக வைத்தார்.

"நம்மிடம் உமக்கு என்ன வேணும், கேளும்" என்றார் மகாராஜா.

ஜமீன்தார் சுற்றுமுற்றும் பார்த்தார். வெள்ளி ரதத்தைத் தாண்டி, பட்டத்து யானையைத் தாண்டி, அவர் பார்வை தாணு பிள்ளையிடம் வந்து நின்றது.

"இவரைக் கொடுங்கள். நம்ம கவிதையை ரசிக்க அங்கே ஒரு புத்திசாலி இல்லை."

ஜமீன்தார் தினமும் நூறு வெண்பா இயற்றிப் பாடுவார். பாடி முடிக்கும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. அவருடைய பழைய காரியஸ்தர், காது போய்விட்டது என்று பொய் சொல்லித்தான் அந்த வேலையிலிருந்து தப்பினார். மகாராஜா மறுத்துவிடுவார் என்று பிள்ளை அவரையே பார்த்தார்.

"ஆகட்டும்" என்றார் மகாராஜா, வெற்றிலையை மடித்தபடி.

மறுநாள் காலை மைதானத்தில் மகாராஜாவும் பிள்ளையும் மட்டும் இருந்தார்கள். மகாராஜா ஓங்கி அடித்தார். பந்து நாலடி உருண்டு நின்றது.

"என்ன தப்பு, பிள்ளை? தைரியமாகச் சொல்லும்."

தைரியமாகச் சொன்னவர் ரயிலேறியது பிள்ளைக்கு நன்றாக நினைவிருந்தது.

"தப்பு மகாராஜாவிடம் இல்லை. பந்துதான் மனசு நொந்துபோயிருக்கிறது."

"பந்துக்கு என்ன மனசு?"

"தர்பாரில் ஒரு குடியானவன் காலில் விழுந்தால் மகாராஜா என்ன செய்வது வழக்கம்?"

"அவன் எழுந்து போகிறவரைக்கும் அவனையே பார்ப்போம். பாதியில் கண்ணை எடுத்தால் மனுவைத் தள்ளிவிட்டதாக அர்த்தம். பாட்டனார் காலத்து முறை."

"இதுவும் காலடியில்தானே கிடக்கிறது? இது எழுந்து போவதற்குள் மகாராஜா கண்ணை எடுத்துவிடுகிறீர்கள். மனு தள்ளுபடியானவன் எப்படி நேராகப் போவான்? கால் போன பக்கம் போகிறான்."

மகாராஜா யோசித்தார். பிறகு அடுத்த பந்தைக் கருணையோடு பார்த்தார். பார்த்தபடியே மட்டையைச் சுழற்றினார். டப்பென்று ஒரு சத்தம். பந்து புளியமரத்துக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. மகாராஜா, அது கிடந்த இடத்துப் புல்லை இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மனு ஏற்கப்பட்டது" என்றார் பிள்ளை. அவருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

வெள்ளிக்கிழமை இன்னொரு தொல்லை இருந்தது. மட்டை ஓங்கும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது ஆட்டத்தின் மரியாதை. அரண்மனைக் கூட்டமோ மகாராஜா கையை அசைத்தாலே "பேஷ், பேஷ்" என்று கத்திப் பழகியது. பிள்ளை ஆளுக்கு நாலு வெற்றிலை, ஒரு கொட்டைப்பாக்கு என்று முதலிலேயே கொடுத்து வாயை அடைத்துவிட்டார்.

மொத்தம் பதினெட்டுக் குழி; குறைந்த அடியில் பந்தை உள்ளே தள்ளுகிறவருக்கு அந்தக் குழி. பதினேழு குழி முடிந்தும் இருவரும் சமமாகவே இருந்தார்கள். கடைசிக் குழிக்கு மகாராஜா முதலில் அடித்தார். பந்து புல்வெளியின் நட்டநடுவில் போய் விழுந்தது. ஜமீன்தார் லேசுப்பட்ட ஆட்டக்காரர் அல்ல. ஆனால் அன்று அவருக்கு அவசரம். அடிப்பதற்குள் தலையைத் தூக்கிவிட்டார். பந்து நேராகக் கருவேலம் புதருக்குள் போயிற்று.

ஐந்து நிமிஷத்துக்குள் கிடைக்காவிட்டால் பந்து தொலைந்ததாக விதி. ஜமீன்தார் மண்டியிட்டுப் புதருக்குள் நுழைந்தார். எதிராளியின் பந்தைத் தேடித் தருவதும் மரியாதை என்பதால் பிள்ளையும் தேடினார். கிடைக்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டே தேடினார். கிடைக்கவில்லை. ஒரு அடியைக் கூடுதலாக ஏற்றுக்கொண்டு, ஜமீன்தார் பழைய இடத்திலிருந்து மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று. குழியும் மகாராஜாவுக்கு, ஆட்டமும் மகாராஜாவுக்கு என்றாயிற்று.

ஜமீன்தாருக்குப் பொறுக்கவில்லை.

"ஜெயித்தது சரிதான். ஆனால் காரைமலை மகாராஜா பதினெட்டுக் குழியும் தலை குனிந்தே ஆடினார் என்று நாளைக்கு ஊரே பேசும்" என்றார்.

வெற்றிலை மென்ற வாயெல்லாம் நின்றது. மகாராஜாவின் முகம் சிவந்தது.

"பிள்ளை, நாம் குனிந்தோமா?"

பிள்ளையின் காதில் சாயங்கால ரயில் ஊதியது. இல்லை என்று சொன்னால் பொய். பார்த்தவர்கள் நூறு பேர்.

"குனிந்தீர்கள், மகாராஜா" என்றார். "இந்த ஆட்டத்தில் குனியாமல் யாரும் வீடு போனதில்லை. பந்தைப் பார்த்து அடிக்கிறவர் அடிக்கும்போது குனிகிறார். பார்க்காமல் அடிக்கிறவர்..."

அவர் ஜமீன்தாரின் தலைப்பாகையிலிருந்து ஒரு கருவேல முள்ளை மெதுவாக எடுத்தார்.

"...தேடும்போது குனிகிறார்."

மகாராஜா மட்டையை ஊன்றிக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். வெள்ளைக்கார வாத்தியாரைத் திரும்ப வரச்சொல்லித் தந்தி போயிற்று. அரபிக் குதிரை பிள்ளைக்கு என்று உத்தரவாயிற்று.

ஜமீன்தாரும் மோசமானவர் இல்லை. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அருமையாகச் சொன்னீர், பிள்ளை. இதற்கு இப்போதே ஒரு வெண்பா..." என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு திரும்பினார்.

பிள்ளையைச் சுமந்துகொண்டு குதிரை அதற்குள் மைதானத்தைத் தாண்டியிருந்தது.