பூமயில் கேட்ட துறை

மகுடவர்மன் நல்ல ராஜாதான். குடிகள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பார். காதுக்குள் போன பேச்சு அதன்பின் என்ன ஆகும் என்பதுதான் யாருக்கும் தெரியாது.

அந்த வருஷம் அவருக்குக் கலாசாலைப் பைத்தியம் பிடித்திருந்தது. கல்விக்கு ஒரு துறை, அறிவியலுக்கு ஒன்று, மருத்துவத்துக்கு ஒன்று, பொறியியலுக்கு ஒன்று என்று தொடங்கிக்கொண்டே போனார். அந்த நேரம் பார்த்து கரையூர்ப் பூமயில் சபைக்கு வந்தாள்.

"மகராசா, எங்க ஊர் ஆத்துச் சரிவு ஒரே வழுக்கல். தண்ணி எடுக்கப் போறவ எல்லாம் விழுந்து கையக் கால ஒடச்சுக்கிறா. ஒரு துறை அமைச்சுக் குடுங்க."

அவள் கேட்டது, குடத்தோடு ஆற்றில் இறங்க நாலு படி உள்ள துறை. ராஜாவோ சிம்மாசனத்திலிருந்து துள்ளி எழுந்தார்.

"வழுக்கலுக்கு ஒரு துறையா! இது எனக்குத் தோன்றவில்லையே!"

சபையின் விகடகவி வேம்பன் எழுந்தான். ராஜாவிடமே வாய்த்துடுக்காகப் பேசுவதுதான் அவன் வேலை. "அரசே, அந்த அம்மாள் கேட்டது..."

"குறுக்கே பேசாதே, வேம்பா!"

பிறந்தது வழுக்கல் ஆய்வுத் துறை. நாலு துறைப் பண்டிதர்களும் அதில் கூடினார்கள். தலைவர் ஞானமார்த்தாண்டப் பண்டிதர். ஓலை என்றால் செல்லரித்துவிடும் என்று ஆய்வு முடிவுகளைக் கருங்கல் பலகைகளில் வெட்டச் சொன்னார் ராஜா. பண்டிதருக்கு ஒரு பட்டம் கொடுத்தால் அதற்கும் தனியாக ஒரு கல். ஒரே வருஷத்தில் கலாசாலை முற்றத்தில் நாற்பது கல் நின்றது. ஆய்வு பதினாலு கல். மிச்சமெல்லாம் பண்டிதரின் பட்டங்கள்.

பூமயில் மறுபடி வந்தாள். இந்த முறை கையில் ஊன்றுகோல்.

"துறை என்னாச்சு மகராசா?"

"அதோ பார்!" ராஜா பெருமையாகச் சாளரத்தைத் திறந்து காட்டினார்.

"அது கட்டடம் மகராசா. போன மாசம் வழுக்கி விழுந்து எனக்கு இடுப்பு போச்சு. என் மருமகளுக்கு இது எட்டாம் மாசம். நான் தூக்குன கொடத்த இப்ப அவ தூக்குறா. அவ விழுந்தா ரெண்டு உசுரு."

சொல்லும்போதே அவளுக்குக் குரல் உடைந்தது. ராஜா சட்டென்று சாளரத்தை மூடினார். பண்டிதர் பக்கம் திரும்பினார்.

பண்டிதர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கவலை வேண்டாம், அரசே. காய்ந்த பாசியைவிட ஈரப்பாசிதான் அதிகம் வழுக்குகிறது என்று ஆறே மாதத்தில் கண்டுபிடித்துவிட்டோம். விழாதவர்களைவிட விழுந்தவர்களுக்குத்தான் அடி அதிகம் என்பது எங்கள் மருத்துவர்களின் முடிவு. விழாமல் நடக்க மூன்று வருஷப் பாடமும் தயார். படித்துத் தேறியபின் பெண்கள் தண்ணீர் எடுக்கலாம்."

"அதுவரை தாகத்துக்கு?" என்றான் வேம்பன்.

"அது வேறு துறை. பொறியியலார் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். ஆற்றைச் சற்றே உயர்த்தினால் சரிவே இருக்காதாம்!"

வேம்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பண்டிதருக்கு மூக்கு சிவந்துவிட்டது.

"எங்கள் ஆய்வு மிக ஆழமானது, அரசே. சிரிக்கிறவர் செய்து காட்டட்டும்! பத்தே நாளில் கரையூரார் ஒவ்வொருவருக்கும், எழுத்து வாசனையே இல்லாதவருக்கும் இந்த ஆய்வு பயன்பட வேண்டும். புதிதாக ஒரு செங்கல்கூடத் தொடக் கூடாது. எங்கள் ஆய்வை வைத்தே செய்ய வேண்டும்!"

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா. "தோற்றால் வேம்பனுக்கு மொட்டையும் கழுதை ஊர்வலமும்."

"உங்கள் ஆய்வை வைக்கலாம், இல்லையா?" வேம்பன் பவ்யமாகக் கேட்டான்.

"தாராளமாக வை!" என்றார் பண்டிதர்.

பத்தாம் நாள் காலையில் ராஜா கரையூருக்குப் பல்லக்கில் வந்தார். பண்டிதர் கையோடு ஒரு கழுதையையும் கூட்டி வந்தார். ஆற்றங்கரையைப் பார்த்ததும் அவர் போட்ட கூச்சலில் கழுதையே மிரண்டது.

"ஐயோ! என் கல்! என் பட்டம்!"

நேற்றுவரை கலாசாலை முற்றத்தில் நின்ற நாற்பது கல்லும் சரிவில் வரிசையாக இறங்கிக் கிடந்தன. 'ஞானப் பெருங்கடல்' என்ற பட்டத்தின்மேல் ஒருத்தி ஈரத் துணியை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அக்கிரமம் இது, வேம்பா?" ராஜா உறுமினார்.

"ஆய்வை வைத்தே செய்யச் சொன்னார். வைத்தேன். உங்களிடம் துறை இருந்தது, அரசே. படிதான் இல்லை. இரண்டையும் சேர்த்தேன், படித்துறை."

ராஜா வாயைத் திறப்பதற்குள் பூமயிலின் மருமகள் இடுப்பில் குடத்தோடு மேலே ஏறி வந்தாள். எட்டு மாத வயிறு. ஒவ்வொரு கல்லிலும் பாதம் பதித்து நிதானமாக வந்தாள். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"வழுக்கவில்லையா அம்மா?" என்று கேட்டார் ராஜா.

"இல்லீங்க மகராசா. எழுத்த நல்லா ஆழமா வெட்டியிருக்காங்க. காலுக்குப் பிடிமானம்."

"ஆழமான ஆய்வு என்று பண்டிதர் அப்போதே சொன்னாரே" என்றான் வேம்பன்.

ராஜாவுக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டு, "வேறு குறை உண்டா?" என்றார்.

"ஒண்ணே ஒண்ணுங்க. கடைசியில ஒரு படி கொறையுது. சேத்துலதான் கால் வைக்க வேண்டியிருக்கு."

ராஜா வேம்பன் பக்கம் திரும்பினார். "ஜெயித்துவிட்டாய். என்ன பரிசு வேண்டும், கேள்!"

"எனக்கு ஒன்றும் வேண்டாம், அரசே. பண்டிதருக்கு இன்னொரு பட்டம் கொடுங்கள்."

பண்டிதர் முகம் மலர்ந்தது. வேம்பனைக் கட்டிக்கொள்ளக்கூடக் கையை விரித்துவிட்டார். ராஜாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"இவருக்கா? இப்போது எதற்கு?"

"பட்டம் கொடுத்தால்தானே அரசே, கல் வரும்? ஒரு படி குறைகிறதே!"

ராஜா சிரித்த சிரிப்பில் பல்லக்கே ஆடியது. மறுநாளே பண்டிதருக்கு 'அடித்தளச் செம்மல்' என்ற பட்டம் கிடைத்தது. கல்லும் போய்ச் சேர்ந்தது.