ஏழாம் எண் மாவு

தணிகைவேலுக்கு வயது நாற்பத்தாறு. இருபது வருஷம் பெங்களூரில் சாஃப்ட்வேர் எழுதிவிட்டு, கிருமிகளின் மரபணுக்களைக் கணினியில் ஆராயும் படிப்புக்கு வந்து சேர்ந்தவர். ஆசிரியை ஃபரீதாவுக்கு முப்பத்திரண்டுதான். அவர் இவரை 'சார்' என்பார், இவர் அவரை 'மேடம்' என்பார். யாருக்கு யார் சிஷ்யர் என்று புதிதாக வருகிறவர்கள் குழம்பிப் போவார்கள்.

ஒருமுறை ஊரிலுள்ள ஆறு இட்லி மாவுக் கடைகளிலிருந்து மாதிரிகள் சோதனைக்கு வந்தன. மூன்றாம் எண்ணின் முடிவைப் பார்த்ததும் தணிகைவேலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்.

"மேடம், ஆந்த்ராக்ஸ்! மாட்டையும் மனுஷனையும் கொல்ற கிருமி. புரோகிராம் பேரோட சொல்லுது. கடையை இன்னைக்கே பூட்டணும்."

"யார் கடை?"

"ராசாத்தின்னு ஒரு அம்மா. தனி ஆளா நடத்துறாங்க. அதை விட்டா அவங்களுக்கு வேற பொழைப்பு இல்லை. பாவம்தான், ஆனா உயிராச்சே!"

"அந்தக் கிருமிக்கு விஷம் தர்ற ஜீன் இருக்கா?"

"நல்லாத் தேடிட்டேன். இல்லை."

"அப்பவும் பூட்டணுமா?"

"பேரு வந்திருக்கே மேடம்!"

ஃபரீதா வாதாடவில்லை. மறுநாள் ஏழு என்று எழுதிய ஒரு குப்பியைக் கொண்டுவந்து கொடுத்தார். "இதையும் பாருங்க சார்."

இரண்டு நாள் கழித்து தணிகைவேல் முன்னைவிட வேகமாக ஓடி வந்தார்.

"இதுல மூணாம் எண்ணைவிட அதிகம் மேடம்! இதையும் பூட்டணும்."

"விஷ ஜீன்?"

"இல்லை. ஆனா பேரு அதேதான்."

"முந்தாநாள் காலையில என்ன டிபன் சாப்பிட்டீங்க?"

"இட்லி."

"எத்தனை?"

"ஆறு."

"அந்த மாவுதான் இது. உங்க வீட்டம்மாகிட்ட கேட்டு வாங்கிட்டு வந்தேன்."

தணிகைவேலின் கை தானாக வயிற்றைத் தொட்டுப் பார்த்தது. ராசாத்தி கடைக்கு இன்றைக்கே பூட்டு என்றவருக்கு, சொந்தச் சமையலறையைப் பூட்டச் சொல்ல மனம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. கூடவே, இது எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ளும் ஆசையும் பிடுங்கித் தின்றது.

"அப்போ புரோகிராம் பொய் சொல்லுதா மேடம்?"

"இல்லை. நாம அதுக்குக் குடுத்த பட்டியல்ல நோய்க் கிருமிங்கதான் நிறைய. ஒரு தொந்தரவும் பண்ணாம மண்ணுல கிடந்து, அரிசி உளுந்தோட மாவுக்கு வர்ற அதுங்க பங்காளிங்களை யாரு உட்கார்ந்து எழுதினா? அந்தப் பங்காளி வந்து நின்னா, ஜாடையைப் பார்த்துத் தெரிஞ்ச பேரைச் சொல்லிடுது."

தணிகைவேல் ரிப்போர்ட்டை எடுத்து 'ஆந்த்ராக்ஸ்' என்பதை அடித்தார். 'கடையைப் பூட்டவும்' என்பதையும் அடித்தார். 'விஷ ஜீன் இல்லை' என்று எழுதினார். கிருமியின் பெயரை எழுதவேண்டிய கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.

"தெரியலைன்னா தெரியலைன்னு அந்தப் புரோகிராமே சொல்லியிருக்கலாமே மேடம்?"

"அதுக்கு அப்படிச் சொல்ல வராது சார். அதைச் சொல்றதுக்குத்தான் உங்களைப் படிக்க வைக்கிறோம்."