முள்ளெலியின் ஐந்தாம் வளை

ஒரு காட்டில், ஓடை வளைந்து திரும்பும் இடத்தில், ஒரு மண்மேடு இருந்தது. குழந்தைகளே, அந்த மேட்டில் ஐந்து வளைகள். ஐந்தும் ஒரு கீரிக்குச் சொந்தம். கீரி அவற்றை வாடகைக்கு விட்டிருந்தது.

ஐந்தாம் வளையில் ஒரு முள்ளெலி குடியிருந்தது. அதற்குக் கூச்சம் அதிகம். யாராவது உற்றுப் பார்த்தாலே சுருண்டு பந்தாகிவிடும். மற்ற வளைகளில் இருந்த சுண்டெலி, அரணை, தேரை, மூஞ்சூறு நான்கும் ஒவ்வொன்றாகச் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டன. ஏன் போயின என்று கேட்கக்கூட முள்ளெலிக்கு ஆள் இல்லை.

ஒருநாள் மாலை கீரி வந்தது.

“டேய் முள்ளு! பொழுது விடிவதற்குள் காலி பண்ணிவிடு. ஐந்து வளைக்கும் சேர்த்து இரட்டை வாடகை தர ஒரு முயல் குடும்பம் வருகிறது.”

“ஐயா, மழை வரப்போகிறதே. நான் எங்கே போவேன்?”

“அது உன் பாடு. இதை வெளியே சொல்லித் தொலைக்காதே. துரத்தப்பட்டவன் என்று தெரிந்தால் ஒரு பொந்துகூட உனக்குக் கிடைக்காது.”

முள்ளெலி அழுதது. அழுகையைக் கேட்கவும் யாரும் இல்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தது. பட்டமரம் ஒன்றில் மரங்கொத்தி தட்டிக்கொண்டிருந்தது.

“அக்கா, ஓடைக்கு அந்தப் பக்கம் போக வழி எது?” என்று தலைகுனிந்தபடியே கேட்டது.

“இந்த நேரத்திலா? எதற்குத் தம்பி?”

முள்ளெலி தயங்கித் தயங்கி எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

“காட்டுச் சபை சொல்லாமல் குடியிருப்பவரை யாரும் வெளியேற்ற முடியாது. ஆனால் நீயாகப் போய்விட்டால் வளை கீரியின் கைக்குத் திரும்பிவிடும். அதற்குத்தான் மிரட்டுகிறான். சபையில் உனக்காக நான் பேசுகிறேன்.”

“உங்களுக்குத் தர என்னிடம் ஒன்றும் இல்லையே, அக்கா.”

“யார் கேட்டார்கள்? பேசத் தெரியாதவர்களுக்காகப் பேசத்தான் சபை என்னை வைத்திருக்கிறது. இதற்குக் கூலி கிடையாது.”

“நான் வாய் திறக்க வேண்டுமா? நாலு பேர் பார்த்தால் சுருண்டுவிடுவேனே.”

“தாராளமாகச் சுருண்டுகொள். ஆனால் வளைக்குள் சுருண்டுகொள். வெளியே மட்டும் போகாதே.”

முள்ளெலி திரும்பிப் போய் இருட்டில் உட்கார்ந்தது. ‘சும்மா உதவுவார்களா? அக்கா வராவிட்டால்?’ என்று நினைத்துக்கொண்டது.

மரங்கொத்தி அழைத்ததால், விடிந்ததும் மேட்டைச் சுற்றிச் சபை கூடியது. கடமான்தான் தலைவர். கீரி மார்பை நிமிர்த்தி நின்றது.

“தலைவரே, முள்ளெலி தானாகவே போய்விட்டது. வளை காலி. என்னிடம் ஒப்படையுங்கள்.”

“முள்ளெலியே, இருக்கிறாயா?” என்று கடமான் கூப்பிட்டது.

‘இருக்கிறேன்’ என்று சொல்ல முள்ளெலி வாயைத் திறந்தது. குரல் வரவில்லை. உடம்பு தானாகச் சுருண்டது.

“பார்த்தீர்களா? வெறும் வளையோடு பேசி என்ன பயன்?” என்று கீரி சிரித்தது.

அப்போது மரங்கொத்தி முன்னால் வந்தது.

“அண்ணன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறார். அவரே தலையை உள்ளே விட்டுப் பார்த்துச் சொல்லட்டுமே. வழக்கு முடிந்துவிடும்.”

“இதென்ன பெரிய காரியம்?” என்று கீரி தலையை உள்ளே விட்டது.

“ஐயோ! அம்மா!”

மூக்கில் ரத்தம் சொட்டச் சொட்டக் கீரி வெளியே துள்ளி விழுந்தது.

“என்ன ஆயிற்று?” என்று கடமான் கேட்டது.

“முள் குத்திவிட்டது!”

“காலி வளையில் முள் ஏது, அண்ணே?” என்றது மரங்கொத்தி.

சபை கொல்லென்று சிரித்தது.

“முள்ளெலி இங்கேயே இருக்கும். இனி மிரட்டினால் நீதான் இந்தக் காட்டை விட்டுப் போக வேண்டும்” என்று கடமான் கீரியிடம் சொன்னது.

எல்லோரும் போன பிறகு முள்ளெலி மெல்ல வெளியே வந்தது. நான்கு வளைகளையும் மாறி மாறிப் பார்த்தது.

“அக்கா, அவர்களையும் இப்படித்தான் மிரட்டினானா?”

“அப்படித்தான் இருக்கும், தம்பி. அவர்கள் யாரிடமும் சொல்லவில்லையே.”

“இப்போது எங்கே இருப்பார்கள்?”

மரங்கொத்திக்கும் அது தெரியவில்லை. முதல் மழைத்துளி மேட்டில் விழுந்தது.

நீதி: மிரட்டலுக்குப் பயந்து வீட்டை விடும் முன், உதவி செய்பவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.