பதினோரு பேர் சொன்ன குறை

“பதினோரு பேரும் பேசி வச்சுக்கிட்டு வந்திருக்காவ, டீச்சர்” என்றார் தொம்மை. “என் விளையாட்டைக் கவுக்கணும்னே வந்திருக்காவ.”

செல்லக்கனி கையை மட்டும் நீட்டினாள்.

விளையாட்டை ஆடிப் பார்த்தவர்கள் சொன்ன குறைகளை எழுதிய தாளைக் கேட்கிறாள். தொம்மை மனமில்லாமல் சட்டைப்பையிலிருந்து எடுத்தார்.

தூத்துக்குடியில் ஓர் உப்பு மண்டியின் மாடியில் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்யக் கற்றுக்கொடுத்தாள் செல்லக்கனி. அவளுக்கு முப்பத்திரண்டு வயது. தொம்மைக்கு அறுபத்தொன்று. ஆறாம் வகுப்போடு நின்றவர். துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவர். அவர் மகளைவிட அவள் இளையவள்தான். ஆனாலும் அவள் படியேறி வந்தால் எழுந்து நிற்பார்.

இரண்டு வருஷம் மல்லுக்கட்டி ஒரு விளையாட்டைச் செய்திருந்தார். புயலில் ஓர் ஊர் போய்விட்டது. மிஞ்சிய குடும்பங்கள் கரையில் நிற்கின்றன. ஆடுகிறவர் கிரேனால் வீடுகளைத் தூக்கி வைத்து, அவர்களைக் குடியேற்றி, மறுபடி ஓர் ஊரை உண்டாக்க வேண்டும்.

மறுநாள் காலை கல்யாண மண்டபத்தில் விளையாட்டுக் கண்காட்சி. விளையாட்டை வைத்துக் காட்ட ஒரே ஒரு மேஜைதான் மிச்சம். அதை யாருக்குக் கொடுப்பது என்பது செல்லக்கனியின் கையில் இருந்தது.

தொம்மைக்கு அந்த மேஜை வேண்டும். அடுத்த வருஷம் வரை காத்திருக்கிற வயதா அவருக்கு?

“வாசிங்க அண்ணாச்சி” என்றாள்.

தாளின் இடது பக்கம் பெயர்கள். வலது பக்கம் அவர்கள் சொன்ன குறைகள். பெயர்களின் கீழே மட்டும் சிவப்பு மையால் அழுத்திக் கோடு போட்டிருந்தார்.

வாசிக்கத் தொடங்கினார். ஆனால் குறைக்கு எங்கே வந்தார்? முதல் பெயர் தானியேல். அவன் அப்பன் தொழிற்சங்கத் தேர்தலில் தனக்கு எதிராகக் கை தூக்கியவன் என்றார். இரண்டாவது பெயர் முத்துப்பேச்சி. தெருக்குழாயில் தன் குடத்தை நகர்த்தி வைத்தவள் என்றார். மூன்றாவது ஆளைத் தெரியாது. தெரியாத ஆளுக்கு இவ்வளவு வாய் ஆகாது என்றார்.

பதினோரு பெயரும் முடிய அரைமணி நேரமானது.

செல்லக்கனி கத்தரிக்கோலை எடுத்தாள். தாளை நெடுக வெட்டினாள். பெயர்கள் இருந்த துண்டை மடித்து அவர் பையில் வைத்தாள். மற்றத் துண்டை அவர் கையில் கொடுத்தாள்.

“இப்ப வாசிங்க.”

“மேலே தள்ளுனேன், வீடு கீழே விழுந்துச்சு.”

“அடுத்தது?”

“தூக்கப் போனேன், இறங்கிட்டு.”

“அடுத்தது?”

“குடும்பம் வாசல்லயே நிக்கி. ஏன்னு தெரியல.”

படிக்கப் படிக்க அவர் குரல் மெலிந்தது. ஏழு பேர் ஒன்றையே சொல்லியிருந்தார்கள். நான்கு பேர் இன்னொன்றையே சொல்லியிருந்தார்கள்.

“மொத்தம் எத்தனை குறை அண்ணாச்சி?”

தொம்மை தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ரெண்டு” என்றார். பதினோரு பேரை எதிர்த்து நின்ற மனுஷனுக்கு இரண்டே இரண்டுதான் மிச்சம்.

ஆனாலும் விட்டுவிடவில்லை. கிரேனில் கைப்பிடியைத் தன் பக்கம் இழுத்தால்தான் சரக்கு ஏறும், முன்னால் தள்ளினால் இறங்கும், தான் செய்திருப்பதுதான் முறை என்று வாதாடினார்.

“இவங்கள்ல எத்தனை பேரு கிரேன் ஓட்டுனவங்க?” என்றாள் செல்லக்கனி.

பழக்கத்தில் தாளின் இடது பக்கம் தேடினார். அங்கே ஒன்றுமில்லை.

கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார்.

ஏற்றத்தை இறக்கமாக்க ஒரு வரி போதுமாயிருந்தது. மாற்றிவிட்டு ஆடிப் பார்த்தார். முப்பது வருஷத்துக் கை கேட்குமா? முதல் வீட்டைத் தானே கடலில் போட்டார். போட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். முத்துப்பேச்சி இப்படித்தான் முழித்தாள்!

குடும்பம் ஏன் வாசலில் நிற்கிறது என்று கேட்டவர்களிடமெல்லாம் அதுவரை வாயால் விளக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வீடு இல்லாவிட்டால் உள்ளே போக மாட்டார்கள். அதை இனி வாயால் சொல்லாமல், நிற்கிறவர்களின் முகத்தை மட்டும் அடுத்த வீடு இருக்கும் பக்கம் கொஞ்சம் திருப்பிவிட்டார்.

“மேஜை எனக்குத்தானே டீச்சர்?”

“உங்களுக்கு ஆகாதவங்க யாரு?”

அந்தக் கேள்விக்கு அவர் யோசிக்கவே வேண்டியதில்லை. “இஞ்ஞாசி.”

ஒன்பது வருஷத்துக்கு முன் தொம்மையின் மகள் கல்யாணப் பந்தியில், ரசத்தில் உப்பில்லை என்று உரக்கச் சொன்னவன் இஞ்ஞாசி. ரசத்தில் உப்பில்லை என்பது உண்மைதான். அதற்காகப் பந்தியில் சொல்வதா? அன்றோடு பேச்சு நின்றது.

“கூட்டிட்டு வாங்க” என்றாள் செல்லக்கனி.

தொம்மை தெருவில் இரண்டு முறை போய், இரண்டு முறை திரும்பினார். மூன்றாம் முறை முடிவெட்டும் கடைக்குள் நுழைந்தார். இஞ்ஞாசி முகத்தில் நுரையோடு சாய்ந்திருந்தான்.

“வே இஞ்ஞாசி. வந்து என் விளையாட்டை ஆடிப் பாரும். குறை இருந்தாச் சொல்லும்.”

இஞ்ஞாசி கண்ணைத் திறந்தான். “குறை சொல்லவா கூப்பிடுதீரு?”

ஒரு கன்னம்தான் மழித்திருந்தது. மறு கன்னத்து நுரையோடேயே எழுந்துவிட்டான். இப்படி ஒரு அழைப்பு ஒருவனுக்கு ஆயுளில் எத்தனை முறை வரும்?

மாடியில் அவனை உட்கார வைத்து, கையில் கன்ட்ரோலரைக் கொடுத்தாள் செல்லக்கனி. தொம்மையைப் பின்னால் உட்கார வைத்து, வாயில் ஒரு துண்டு கருப்பட்டியை வைத்தாள்.

“கரையுற வரைக்கும் பேசக் கூடாது. கடிக்கவும் கூடாது.”

இஞ்ஞாசி குமிழை மேலே தள்ளினான். வீடு மேலே ஏறியது. அலுங்காமல் கொண்டுபோய் மணலில் இறக்கினான்.

குடும்பம் வந்தது. உள்ளே போகவில்லை. ஐந்து பேரும் வாசலில் நின்றார்கள்.

“ஏன் வே உள்ள போக மாட்டேங்காவ?”

தொம்மையின் நாக்கு எழும்பியது. கருப்பட்டி தடுத்தது. செல்லக்கனி ஜன்னல் வழியே உப்பு லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இஞ்ஞாசி தலையைச் சொறிந்தான். திரையில் நிற்கிறவர்கள் பார்க்கிற பக்கமாகத் தானும் தலையைச் சாய்த்துப் பார்த்தான். தூரத்தில், புயலுக்குத் தப்பிய ஓர் ஒற்றை வீடு இருந்தது.

வைத்த வீட்டை மறுபடி தூக்கினான். அந்த வீட்டை ஒட்டி இறக்கினான்.

ஐந்து பேரும் உள்ளே போனார்கள். விளக்கு எரிந்தது. பக்கத்து வீட்டிலிருந்து ஒருத்தி குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

“அட, பக்கத்துல ஆளு வேணுமாக்கும்” என்றான் இஞ்ஞாசி, தனக்குத்தானே.

தொம்மை எழுந்து நின்றுவிட்டார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கண்டுபிடித்துவிட்டான், அந்தப் பாவி கண்டுபிடித்துவிட்டான்.

நான்கு வீடு. ஆறு வீடு. கன்னத்து நுரை காய்ந்து உதிர்ந்தது.

“கடற்கரையில ஊர் வச்சிருக்கீரு, படகு கட்ட இடம் எங்க வே?”

கருப்பட்டி எப்போதோ கரைந்துவிட்டிருந்தது. ஆனாலும் தொம்மை பென்சிலை எடுத்துப் படகு என்று எழுதினார். எழுதிவிட்டு, இன்னும் ஏதாவது சொல்வானா என்று அவன் வாயையே பார்த்தார்.

மண்டி அடைக்கிற நேரம். கீழே சாவிக்கொத்து குலுங்கியது.

தொம்மை செல்லக்கனியின் பக்கம் போய் மெதுவாகக் கேட்டார். “டீச்சர், மேஜை?”

“அவரு எந்திரிக்கட்டும், சொல்லுதேன்.”

இஞ்ஞாசி பத்தாவது வீட்டைத் தூக்கிக்கொண்டிருந்தான்.