ஐந்தாம் எண்

"வாத்தியாரே, நெட் பெட்டி பொய் சொல்லுமா?" என்று குணபாலன் கேட்டார்.

குவைத்தில், ஃபஹாஹீல் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடி. வெள்ளிக்கிழமை மத்தியானம். ஒன்பது பேர் தங்கும் அறையில் ஏழு பேர் வெளியே போயிருந்தார்கள். ரோச் கட்டிலில் சம்மணம் போட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

ரோச்சுக்கு ஊர் மணப்பாடு. கட்டடங்களுக்கு நெட் கேபிள் இழுக்கிற வேலை. வயது முப்பத்தொன்று. ஏசி குழாய் பொருத்தும் குணபாலனுக்கு நாற்பத்தேழு, ஊர் பேராவூரணிப் பக்கம். வயதில் சின்னவர் என்றாலும் போன், கம்ப்யூட்டர் சங்கதிகளில் அந்த அறைக்கே ரோச்தான் வாத்தியார். முதலில் கேலிக்குத்தான் அப்படிக் கூப்பிட்டார்கள். பிறகு கேலி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

"பெட்டி பொய் சொல்லாதுண்ணே. எந்தப் பெட்டிகிட்ட கேட்டோம்னு நமக்குத் தெரிஞ்சிருக்கணும். என்ன ஆச்சு?"

குணபாலன் சொன்னார். ஒரு மாதமாக மகள் தேன்மொழி போனில் சரியாகப் பேசுவதில்லை. கூப்பிட்டால் இரண்டு வார்த்தை, அதற்குள் "நெட் சரியில்லப்பா" என்று அறுந்துபோகும். முன்பெல்லாம் அவள் பேச்சை நிறுத்தத்தான் ஆள் வேண்டும். அவர் ஊரை விட்டு வந்து இரண்டு வருஷம் நாலு மாதம் ஆகிறது. லீவை இரண்டு தடவை தள்ளிப் போட்டாகிவிட்டது. பிள்ளைக்குத் தன் மேல் பிடிப்பு விட்டுப்போச்சோ என்று ஒரு பயம் வந்தது.

"அதான் நம்ம வீட்டு வைஃபை பெட்டியையே போன்ல திறந்து பார்த்துட்டேன்."

ரோச் கத்தியைக் கீழே வைத்தார். "இங்கருந்தா? எப்படி?"

"விலாசம்தான் மனப்பாடமா இருக்கே."

அது வந்த கதை வேறு. வீட்டுக்கு முதன்முதலில் நெட் இழுத்த அன்று, மாட்ட வந்தவர் நாள்காட்டியின் பின்பக்கம் 192.168.1.1 என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அப்போது ஒன்பதாம் வகுப்பு படித்த தேன்மொழி அதை வாய்ப்பாடு மாதிரி ராகம் போட்டுச் சொல்லி வீட்டையே சுற்றி வந்தாள். அம்மா வளர்மதி தோசைக்கல்லை அடுப்பில் வைத்துக்கொண்டே அவளுக்குப் பின்பாட்டு பாடினாள். பீரோ மேல் வைத்த வெள்ளைப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்ததை மூன்று பேரும் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டு நின்றார்கள். போனில் அந்த எண்ணைப் போட்டதும் நீல நிறத்தில் ஒரு பக்கம் திறந்தது.

போன செவ்வாய்க்கிழமை இங்கே உட்கார்ந்து அதே எண்ணைப் போட்டார். அதே நீலப் பக்கம் வந்தது. அதே பயனர் பெயர், அதே கடவுச்சொல். திறந்துகொண்டது. வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போன மாதிரி இருந்தது அவருக்கு. செருப்பைக் கழற்றத் தோன்றியது.

"உள்ள பார்த்தா எல்லாமே பச்சை. பன்னண்டு நாளா ஒரு நிமிஷம்கூட அறுந்ததில்லைன்னு போட்டிருக்கு வாத்தியாரே. ஆத்திரம் வந்துருச்சு. 'அப்பா கண்ணால பார்த்துட்டேன், நெட் நல்லாத்தான் இருக்கு, பேசப் பிடிக்கலன்னா நேரா சொல்லு, பொய் சொல்லாத'ன்னு வாட்ஸப்புல பேசி அனுப்பிட்டேன்."

"அப்புறம்?"

"கேட்டுட்டா. பதில் இல்ல. மூணு நாளாச்சு. வளர்மதியும் எடுக்க மாட்டேங்கிறா."

ரோச் வெங்காயத் தோலை ஒதுக்கினார். "அண்ணே, சமையக்கட்டுல உப்பு டப்பா இருக்கும். எடுத்துட்டு வாங்க."

இப்போது எதற்கு உப்பு என்று குணபாலன் கேட்கவில்லை. போய் எடுத்து வந்தார்.

"இதை ஏன் எடுத்துட்டு வந்தீங்க?"

"நீங்கதானே கேட்டீங்க?"

"நான் சமையக்கட்டுன்னுதான் சொன்னேன். யார் வீட்டுச் சமையக்கட்டுன்னு சொன்னேனா? பேராவூரணி போய் உங்க வீட்டு உப்பை எடுத்துட்டு வந்திருக்கலாமே?"

"விளையாடுறீங்களா? இங்க உக்காந்து சமையக்கட்டுன்னா இந்தச் சமையக்கட்டுதான்."

"உங்க வீட்டுல உக்காந்து சொன்னா?"

"அது எங்க வீட்டு..."

குணபாலன் நிறுத்தினார். உப்பு டப்பா கையிலேயே இருந்தது.

"அந்த எண்ணு தெருப் பேர் போட்ட விலாசம் இல்லண்ணே" என்றார் ரோச். "வீட்டுக்குள்ள மட்டும் செல்லுற பேச்சு. எந்த வீட்டுல நின்னு போட்டாலும் அந்த வீட்டுப் பெட்டிதான் திறக்கும். இங்கயும் அதே கம்பெனிப் பெட்டி போல. கம்பெனி போட்டு அனுப்புற கடவுச்சொல்லை இங்கயும் யாரும் மாத்தல, உங்க வீட்டுலயும் மாத்தல. நீங்க பார்த்தது அந்தா, ஜன்னல்ல இருக்கே, அந்தப் பெட்டி."

குணபாலன் ஜன்னலைப் பார்த்தார். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"கூப்பிடுங்க" என்றார் ரோச்.

"எடுக்க மாட்டாங்க."

"எடுக்கிற வரைக்கும் கூப்பிடுங்க."

நாலாவது தடவை வளர்மதி எடுத்தாள். போனை மகள் பக்கம் திருப்பினாள். தேன்மொழி முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்திருந்தாள்.

"பாப்பா, அப்பா பார்த்தது நம்ம வீட்டுப் பெட்டி இல்லம்மா. இந்த ரூம் பெட்டி."

முகம் மெல்லத் திரும்பியது. "அங்க உக்காந்துகிட்டு 192.168.1.1 போட்டீங்களா?"

"ஆமாம்மா."

"ஐயோ அப்பா!" சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது அவளுக்கு. "ஒன்பதாவது படிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும்ப்பா. அதுக்கு என்னைப் போய்ப் பொய்க்காரிங்கிறீங்க."

"எனக்கு இப்பத்தான் உப்பு டப்பா வெச்சுச் சொல்லிக்கொடுத்தாங்க."

"என்னது?"

"நீ நம்ம பெட்டியைக் காட்டும்மா. அப்பா பார்க்கிறேன்."

பீரோ மேல் கறுப்புப் பெட்டி ஒன்று இருந்தது. சிவப்பு விளக்கு கண் சிமிட்டியது.

"நம்மளது வெள்ளையாச்சே?"

"அது போன வருஷமே போச்சுப்பா. இதுலயும் தென்னமட்டை விழுந்து வயர் போயி ஒரு மாசம் ஆச்சு. நெட் அண்ணன் நாளைக்கு நாளைக்குங்கிறார். இப்பக்கூட அம்மா போன் டேட்டாவுலதான் பேசுறோம்."

அவள் பள்ளியில் கொடுத்த மடிக்கணினியைத் திறந்து, அதே எண்ணைப் போட்டு, திரையை அவருக்குக் காட்டினாள். பக்கம் பச்சை நிறத்தில் வந்தது. குணபாலன் இதற்கு முன் பார்த்திராத பக்கம்.

"நெட்தான் செத்துக்கிடக்கே, இது எப்படித் திறக்குது?" என்று ரோச்சிடம் கேட்டார்.

"வெளிய போற வழிதான்ணே அடைச்சிருக்கு. வீட்டுக்குள்ள பேசிக்க அது வேணாம்."

திரையில் ஒரு பட்டியல் இருந்தது. அம்மா போன், மொழி போன், மடிக்கணினி. அவற்றுக்குக் கீழே தனியாக ஒரு வரி, சாம்பல் நிறத்தில்: அப்பா போன், 192.168.1.5.

"அது என்னம்மா?"

"உங்க போனுக்கு எடுத்து வெச்ச நம்பர்ப்பா. பழைய பெட்டியிலயும் நீங்க அஞ்சுதானே. பெட்டி மாத்தினப்ப எல்லாம் அழிஞ்சிருச்சு. உங்க போன் விவரம் என் நோட்டுல இருந்துச்சு. அதைப் பார்த்து நான்தான் திரும்பப் போட்டேன். வேற யார் வந்தாலும் அஞ்சைக் குடுக்காது."

சொல்லி முடிப்பதற்குள் படம் உறைந்தது. ஒலியும் நின்றது. இந்தத் தடவை குணபாலன் யாரையும் சந்தேகப்படவில்லை.

ரோச் மறுபடி வெங்காயத்தை எடுத்திருந்தார்.

"வாத்தியாரே."

"சொல்லுங்கண்ணே."

"அந்த அஞ்சாம் நம்பரை இங்கருந்தே வாங்க வழி ஏதாச்சும் இருக்கா? என்ன செய்யணும்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

"எழுதிக்க ஒண்ணும் இல்லண்ணே" என்றார் ரோச். "போனைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு அந்த வீட்டுக்குள்ள போங்க. அதுவாக் குடுத்துரும்."