சிறுத்தை நிமிர்த்திய கோல்

கருங்குட்டையில் தண்ணீர் இருந்தது. குடிக்கத்தான் வழியில்லை. கரையில் ஒரு சிறுத்தை வந்து சட்டமாக உட்கார்ந்துவிட்டது.

"இனிமே இந்தக் குட்டை என்னுது! இந்தக் காட்டுக்கு நான்தான் ராசா! இதுல வாய் வைக்கிறவன் என் வாய்க்குள்ள வருவான்!" என்று அது உறுமியது.

நல்ல கோடை. மற்ற குட்டைகள் எல்லாம் வெடித்துக் கிடந்தன. மூன்று நாளாக ஒருவரும் தொண்டையை நனைக்கவில்லை. செம்பி என்ற குரங்குக்கு அப்போதுதான் ஒரு குட்டி பிறந்திருந்தது. தாய்க்குத் தண்ணீர் இல்லாமல் பால் வற்றிவிட்டது. குட்டி அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. இன்னும் ஒரு நாள் போனால் அது பிழைக்காது என்று செம்பிக்குத் தெரியும்.

குட்டியைத் தன் தங்கையிடம் விட்டுவிட்டு, செம்பி நேரே முள்ளம்பன்றியின் வளைக்குப் போனது. முள்ளம்பன்றியின் பெயர் ஊசியப்பன்.

"தம்பி, உன் உடம்பு பூரா முள்ளு இருக்கே, அந்தச் சிறுத்தையைக் குத்தி விரட்டக் கூடாதா?"

"போக்கா! நான் பின்பக்கமா நடந்து போய்த்தான் குத்தணும். நான் போறதுக்குள்ள அது ரெண்டு அடி தள்ளி உட்கார்ந்துக்குது. நேத்து மட்டும் நாலு தடவை பாறையில போய் முட்டினேன்!"

"அப்போ முள்ளு நடந்து போகக் கூடாது. பறந்து போகணும்" என்றது செம்பி. "நாம ஒரு வில் செய்வோம்!"

தேன் எடுக்க வரும் மலைக்காரர்கள் வில் செய்வதை அது மரத்தின் மேலிருந்து பல தடவை பார்த்திருந்தது. தடசு மரத்துக் கம்பு வேண்டும். ஆனால் நேரான கம்பெல்லாம் போன வாரம் காட்டுத்தீயில் எரிந்துவிட்டன. மிச்சம் கிடைத்தது ஒன்றே ஒன்று. அது பிழிந்து போட்ட வேட்டி போல முறுக்கிக்கொண்டு கிடந்தது.

குட்டைக்கு மேற்புறம் ஒரு அடிமரம் இன்னும் கனன்றுகொண்டிருந்தது. செம்பி இலுப்பைக் கொட்டையை நசுக்கி, கம்பில் எண்ணெய் தடவி, அந்தத் தணலில் வாட்டியது. கம்பு இளகியது. இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கை எதிர்ப்பக்கம் திருப்பினார்கள். அட, நேராக வந்துவிட்டதே!

"விடலாமா அக்கா? கை சுடுது!"

"ஆறட்டும், விடாதே!"

ஊசியப்பன் விட்டுவிட்டது. கம்பு சடாரென்று பழையபடி முறுக்கிக்கொண்டு, அதன் தாடையில் ஒரு போடு போட்டது. ஊசியப்பன் உருண்டு போய்ப் புதரில் விழுந்தது.

அடுத்த முறை கல்லை வைத்துப் பார்த்தார்கள். கல் உருண்டது. நான்கு கல் வைத்தார்கள். நான்கும் உருண்டன.

"சூடு ஆறுற வரைக்கும் கனமா ஒருத்தர் மேல படுத்துக்கணும். கொஞ்சமும் அசையக் கூடாது. அப்படி ஒருத்தருக்கு எங்க போறது?" என்றது செம்பி.

சொல்லிவிட்டு மெல்லத் திரும்பிக் குட்டைக்கரையைப் பார்த்தது. ஊசியப்பனும் பார்த்தது.

"வேணாம்க்கா! நீ நினைக்கிறதை நினைக்காதே!"

செம்பி நினைத்தது நினைத்ததுதான். மறுபடியும் கம்பை வாட்டியது. சூடான கம்பை இலையால் பிடித்துக்கொண்டு, ஊசியப்பனையும் இழுத்துக்கொண்டு சிறுத்தையின் முன்னால் போய் நின்றது.

"ராசாவுக்கு வணக்கம்! உங்க செங்கோலைக் கொண்டாந்திருக்கோம்!"

சிறுத்தை எழுந்தது. "என்னடி செங்கோலு? நானே பசியோட இருக்கேன். உன்னையே தின்னுடலாம்னு பார்க்கிறேன்."

"தாராளமாத் தின்னுங்க ராசா! ஆனா பட்டம் கட்டிக்கிட்டு அப்புறம் விருந்து சாப்பிட்டாத்தானே ராசாவுக்கு அழகு? கையில கோல் இல்லாம உட்கார்ந்திருந்தா, குட்டைக்குக் காவல்காரன்னு நினைச்சுக்குவாங்க."

சிறுத்தைக்கு அந்தப் பேச்சு சுருக்கென்று தைத்தது. "காவல்காரனா? எவன் சொன்னான்? குடு அந்தக் கோலை! என்ன இது, இப்படிக் கோணிக்கிட்டு இருக்கு?"

"அதுதான் ராசா சங்கடம்! இப்படியே பிடிச்சா கொடுங்கோலன்னு ஊர் பேசும். இதை நிமிர்த்த இந்தக் காட்டுல ஒருத்தராலதான் முடியும். எல்லாரும் முயற்சி பண்ணிட்டாங்க. இவன் தாடையைப் பாருங்க!"

ஊசியப்பன் வீங்கிய தாடையைக் காட்டியது.

"ஹ! இந்தச் சுண்டைக்காயால முடியுமா?" என்றது சிறுத்தை. "எங்க போடு, நான் பார்க்கிறேன்!"

செம்பி தட்டைப் பாறையில் கம்பைத் திருப்பி அமுக்கியது. சிறுத்தை அதன் மேல் நீட்டி நிமிர்ந்து படுத்துக்கொண்டது. அந்தக் கனத்தில் முறுக்கு மூச்சுக் காட்டவில்லை.

"வயித்துக்கு இதமா இருக்குடி!"

"ராசா பேசாதீங்க. அசையாதீங்க. ராசா அசைஞ்சா ஆட்சி ஆடிடும்!"

மூக்கில் ஈ உட்கார்ந்தது. சிறுத்தை அசையவில்லை. வாலில் எறும்பு கடித்தது. அப்போதும் அசையவில்லை. ஊசியப்பன் ஒரு தேக்கிலையால் அதற்கு விசிறியது. தன்னைத் தின்ன வந்தவனுக்கே விசிறி வீச வேண்டியிருக்கிறதே என்று அதற்கு ஒரே எரிச்சல். உச்சி வெயில் சாய்ந்து, பாறையில் நிழல் ஏறும்வரை சிறுத்தை அப்படியே கிடந்தது. கம்பு நன்றாக ஆறிப்போனது.

எழுந்து பார்த்தால், கோல் நேராகக் கிடந்தது!

"எப்படி நம்ம வேலை?" என்று சிறுத்தை மீசையை முறுக்கிக்கொண்டது.

"தச்சன் தோத்தான் ராசா! இனி உங்க நகத்தால ரெண்டு பக்கமும் கொஞ்சம் சீவிட்டா முடிஞ்சது. நார் ஓடுற வழியிலேயே சீவுங்க. குறுக்கே கீறினா ஒடிஞ்சிடும்."

சும்மா சொல்லக் கூடாது, சிறுத்தை நன்றாகவே வேலை செய்தது. நடுவில் கனமாக விட்டு, முனைப் பக்கம் போகப் போக இளைக்கச் சீவியது. மரச்சீவல் சுருள் சுருளாக விழுந்தது. வேலை செய்கிற மும்முரத்தில் நாக்கைக்கூட வெளியே நீட்டிக்கொண்டது. செம்பி இரண்டு முனையிலும் பல்லால் ஒவ்வொரு வெட்டுப் போட்டுவிட்டு, கற்றாழை நாரை எடுத்து முறுக்கியது.

"முனையில ரெண்டு வெட்டு எதுக்குடி?"

"மாலை தொங்கவிட, ராசா."

"அந்தக் கற்றாழை நார்?"

"அதுதான் மாலை கோக்கிற கயிறு. இந்தாங்க, கோலோட ரெண்டு முனையையும் ரெண்டு கல்லு மேல வச்சுட்டேன். நடுவுல உங்க திருப்பாதத்தை வச்சு ஒரு அழுத்து அழுத்துங்க."

சிறுத்தை அழுத்தியது. கோல் வளைந்தது. செம்பி குதித்துக் கயிற்றின் இரண்டு முனைகளையும் அந்த வெட்டுகளில் மாட்டியது. சிறுத்தை காலை உருவியதும் கயிறு விறைத்து 'டங்' என்றது.

"ஏண்டி! மாங்கு மாங்குன்னு நிமிர்த்தினேனே! மறுபடி ஏன் வளைச்சு வச்சிருக்க?"

ஊசியப்பன் ஓடத் திரும்பியது. செம்பி மட்டும் சிரித்தது.

"கோல் உங்களை வணங்கி நிக்குது ராசா! அது 'டங்'னு வாழ்த்துப் பாடினதைக் கேட்கலையா?"

"ஆமா... கேட்டேன்" என்றது சிறுத்தை. அதன் முகம் மலர்ந்துவிட்டது. "சரி, பட்டம் கட்டியாச்சு. இனி விருந்து! முதல்ல நீயா, அவனா?"

"நாங்களும் கோலுமா பத்தடி தள்ளி நின்னு ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துடறோம், ராசா!"

பத்தடி தள்ளிப் போனதும் செம்பி மல்லாந்து படுத்தது. இரண்டு கால்களாலும் வில்லைப் பிடித்தது. குரங்குக்குக் காலும் கைதானே! "தம்பி, முள்ளு!" என்றது. ஊசியப்பன் முகத்தைச் சுளித்துக்கொண்டு இரண்டு முள்ளைப் பிடுங்கிக் கொடுத்தது. "ஆ! ரெண்டுதான்! இதுக்கு மேல கேட்காதே!"

செம்பி இழுத்து விட்டது. முதல் முள் எங்கேயோ போய் நாவல் மரத்தில் குத்தியது.

சிறுத்தை விழுந்து விழுந்து சிரித்தது. சிரிப்பு பாதியில் நின்றது. மரத்தில் ஆடிக்கொண்டிருந்த முள்ளைப் பார்த்தது. வில்லைப் பார்த்தது. இத்தனை நேரம் தான் என்ன செய்தோம் என்பது அப்போதுதான் அதற்கு உறைத்தது.

"அடிப் பாவி!" என்று ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது.

செம்பிக்குக் கண் முன்னால் தன் குட்டியின் முகம்தான் வந்தது. கையில் இருந்தது ஒரே ஒரு முள். பல்லைக் கடித்துக்கொண்டு நாணைக் காதுவரை இழுத்தது. வில் நன்றாக வளைந்தது. ஒடியவில்லை. சிறுத்தை பார்த்துப் பார்த்துச் சீவியதாயிற்றே!

முள் நேராகப் போய்ச் சிறுத்தையின் மூக்கில் ஏறியது.

"ஐயோ! அம்மா!" என்று ராசா நடுவானிலேயே புரண்டு, குட்டையில் தொப்பென்று விழுந்தார். சேறும் சகதியுமாக எழுந்தார். மூக்கில் முள்ளோடு மலையேறி ஓடினார். வழியில் எந்த மானும் அவரைக் கண்டு ஒதுங்கவில்லை.

அன்று சாயங்காலம் காடே குட்டைக்கு வந்தது. செம்பி வயிறு முட்டக் குடித்தது. கொஞ்ச நேரத்தில் பால் ஊறியது. குட்டி சப்புக்கொட்டிக் குடித்ததைப் பார்த்து, அவ்வளவு நேரம் அழாத செம்பி ஓவென்று அழுதது.

மலை மேலிருந்து ஒரு குரல் கேட்டது. "என் கோலைக் குடுங்கடா! அது நான் செஞ்சது!"

"ஆமா ராசா, நீங்க செஞ்சதேதான்!" என்று ஊசியப்பன் கத்தியது. "வந்து வாங்கிக்குங்க! இன்னும் நிறைய முள்ளு இருக்கு!"

குரல் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

புகழ்ச்சியில் மயங்கிக் கிடப்பவன், தன்னை விரட்டப் போகும் ஆயுதத்தைத் தானே செய்து கொடுப்பான்.