குனியாதவள் வீட்டுக் கூரை

அந்தக் காலத்தில் காற்றுக்குக் கையும் காலும் இருந்தன. ஆமைக்கும் நண்டுக்கும் வாயாடத் தெரிந்திருந்தது. கடற்கரைக் குடிசைகளும் இன்றைக்கு இருப்பது போல் இல்லை. ஆள் உயரத்துக்கும் மேலே மரக்கால் நட்டு, அதற்கு மேல்தான் பனையோலை மேய்வார்கள். தலையில் மீன்கூடையோடு நிமிர்ந்தபடியே வீட்டுக்குள் போகலாம், வரலாம்.

அந்தக் கரையில் வாடைக்காற்று வைத்ததுதான் சட்டம். ஐப்பசி பிறந்தால் வடக்கேயிருந்து புறப்பட்டு வந்துவிடுவான். ஊரே மணலில் விழுந்து கும்பிட வேண்டும். கும்பிட்டவர் வீட்டில் கொஞ்சம் ஓலையைப் பிய்த்துக்கொண்டு போவான். கும்பிடாதவர் வீட்டில் கூரையே இருக்காது. கும்பிட்ட பிறகும் எதற்காகப் பிய்க்கிறாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. அதைக் கேட்கிற தைரியம் இருந்தால் மணலில் ஏன் விழுகிறார்கள்?

முத்தாச்சி ஒருத்திதான் விழமாட்டாள். அவள் கடலுக்குப் போகும் கலியனின் பெண்டாட்டி. கலியன் வெட்டிப் போடுகிற ஓலையைச் சீவி, ஊறவைத்து, முகடுவரை ஏறி நாரால் இழுத்துக் கட்டுகிறவள் அவள்தான். முடிச்சுப் போட்டுப் போட்டே அவள் உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது.

"நான் மேஞ்ச கூரைக்கு இவன் கால்ல நான் எதுக்கு விழணும்?" என்பாள்.

வாடை நேரே அவள் வீட்டுக்குத்தான் வருவான். கூரை விளிம்புக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்து ஒரே தூக்காகத் தூக்குவான். கூரை உப்பங்கழியில் போய் விழும். முத்தாச்சி ஓலையைப் பொறுக்கி வந்து, முன்னைவிட இறுக்கிக் கட்டுவாள். அடுத்த வருஷம் அந்த இறுக்கமான கூரை ஒரு முடிச்சுகூட அவிழாமல் மொத்தமாகப் பறக்கும். கெட்டிக்காரத்தனம் போதவில்லை, பிடிவாதம் மட்டும் நிறைய இருந்தது.

ஒரு கார்த்திகையில் கூரையைத் தூக்கி எறிந்துவிட்டுத் திரும்பிய வாடை, அவளுடைய மேடிட்ட வயிற்றைப் பார்த்தான்.

"பிள்ளை வரப்போகுதா? நல்லது. அடுத்த வருஷம் கூரையோட தொட்டிலையும் தூக்கிட்டுப் போறேன். வேண்டாம்னா மணல்ல விழு."

முத்தாச்சி வயிற்றைக் கையால் மூடிக்கொண்டாள். ஆனாலும் முழங்கால் மடங்கவில்லை. "போடா" என்றாள்.

கலியன் அன்று சோறு தின்னவில்லை. "உன் வீம்புக்கு என் பிள்ளையைக் குடுக்கச் சொல்றியா?" என்று கேட்டான். படகுப் பாயை இழுத்துக் கட்டி அதன் அடியில் கிடந்தார்கள். நனையாத துணி ஒன்றுகூட வீட்டில் இல்லை.

தை மாதம் ஒரு காலைப் பொழுதில் முத்தாச்சி கரையோரம் சிதறிக் கிடந்த ஓலைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முட்டையிட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஓர் ஆமை அவளைப் பார்த்துச் சிரித்தது.

"வருஷா வருஷம் பொறுக்கறியே, உனக்கு அலுக்கலையா?"

"உனக்கென்ன, சிரிப்பே. உன் முதுகுல இருக்கிற கூரையை அவன் தூக்கறதில்லையே! நீயும் கும்பிட்டுப் பொழைக்கறவதானே?"

ஆமைக்குக் கோபம் வந்துவிட்டது. "நானா? அவன் எதிரே வந்தாலும் திரும்பிப் பார்க்காம போறவ நான்! தூக்கணும்னா அடியில கை நுழையணும்ல? இங்கே எங்கே நுழைப்பான்?" என்று சொல்லிவிட்டு, வயிறு மணலில் உரச அலைக்குள் இறங்கிப் போயிற்று.

முத்தாச்சி ஓலையைக் கீழே போட்டாள். ஆமை போன தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வீட்டுக்குப் போய்க் கோடாலியை எடுத்தாள். நடுக்கால்களை மட்டும் விட்டுவிட்டு, சுற்றிலும் நின்ற கால்களை முழங்கால் உயரத்துக்கு வெட்டிச் சாய்க்கத் தொடங்கினாள். பூவரசங்கால்கள், அவளும் கலியனும் கல்யாணமான புதிதில் சேர்ந்து நட்டவை.

"ஐயோ, வீட்டையே வெட்டறாளே!" என்று கலியன் ஓடிவந்தான். பிள்ளைத்தாய்ச்சி மூச்சு வாங்க வெட்டுவதைப் பார்க்கச் சகிக்காமல், காரணம் புரியாமலே கோடாலியை வாங்கி மிச்சத்தை அவன் வெட்டினான்.

புதுக்கூரை முகட்டிலிருந்து சரிந்து இறங்கி, மணலைத் தொடாத குறையாக நின்றது. வாசலுக்கென்று ஓரிடத்தில் மட்டும் இடுப்பளவு ஓலையை ஒதுக்கியிருந்தாள். ஊருக்கு அதைப் பார்த்து ஒரே சந்தோஷம். ஊர்த்தலைவர் நாட்டார் வந்து பார்த்துவிட்டு, "கடைசியில முத்தாச்சியும் குனிஞ்சுட்டா. இந்தப் புத்தி முன்னாடியே வந்திருக்கலாம்மா" என்றார்.

"யாரு குனியறாங்கன்னு ஐப்பசியில பாத்துக்கலாம், நாட்டாரே" என்றாள் அவள்.

சித்திரையில் பெண் குழந்தை பிறந்தது. ஐப்பசியும் வந்தது. கடல் கறுத்ததும் ஊர் மணலுக்கு ஓடியது. கலியன் வாசலில் நின்று கெஞ்சினான்.

"ஒரே ஒரு தடவை விழுந்துடு, முத்தாச்சி. பிள்ளைக்காக."

"பிள்ளைக்காகத்தான் விழமாட்டேங்கறேன். நாளைக்கு அதுவும் அவன் கால்ல விழணுமா?"

கலியன் மணலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு குனிந்து வீட்டுக்குள் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

வாடை வந்தான். வழக்கம்போல விளிம்பைத் தேடிக் கையை நீட்டினான். கை ஓலைச் சரிவில் வழுக்கிக்கொண்டு போய் மணலில் குத்தியது. சுற்றிச் சுற்றி வந்தான். எங்கே கை வைத்தாலும் இதே கதைதான். ஆத்திரத்தில் கூரை மேல் ஓங்கி அறைந்தான். உள்ளே கூரையைத் தாங்கிய வாரைகள் முனகின, தூசி கொட்டியது, குழந்தை வீறிட்டது. கலியன் நடுக்காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். முத்தாச்சி அண்ணாந்து முகட்டைப் பார்த்தாள். இந்த முடிச்சு மட்டும் விட்டுவிடக் கூடாதே என்று அவள் வாய் முணுமுணுத்தது. முடிச்சு விடவில்லை.

"வெளியே வாடி, முத்தாச்சி!" என்று வாடை ஊளையிட்டான்.

"கைக்குழந்தைக்காரி மழையில வெளியே வரமாட்டா. வேணும்னா நீ உள்ளே வா. வாசல் திறந்துதான் கிடக்கு!"

வாடை வாசலுக்குப் பாய்ந்தான். நெற்றி விளிம்பில் இடித்தது. மறுபடி பாய்ந்தான், மறுபடி இடித்தது. நிமிர்ந்தே பழகியவனுக்கு வேறு வழி தெரியவில்லை. கடைசியில் தலையைத் தாழ்த்தினான், போதவில்லை. முதுகை வளைத்தான், முழங்காலை மடக்கினான், உள்ளே எட்டிப் பார்த்தான்.

குனிந்தவனுக்குத் தூக்குகிற வலு எங்கிருந்து வரும்? தொட்டிலை மெல்ல ஒருமுறை ஆட்டத்தான் அவனால் முடிந்தது. அதுவரை வீறிட்டுக்கொண்டிருந்த குழந்தை, அந்த ஆட்டத்தில் அழுகையை நிறுத்தியது.

முத்தாச்சி அவனை நேருக்கு நேராகப் பார்த்தாள்.

"கும்பிட்டது போதும், எழுந்திரு" என்றாள்.

மணலில் குப்புறக் கிடந்த ஊர் தலையைத் தூக்கி இதைப் பார்த்துவிட்டது. முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். வாடை வெடுக்கென்று நிமிரப் போய், முதுகில் இடி வாங்கிக்கொண்டு, கடலைப் பார்த்து ஓடினான்.

மழை விட்டதும் நாட்டார் வந்தார். முழங்காலில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிக்கொண்டே, "எல்லாம் சரிதான். ஆனா நீயும் குனிஞ்சுதானேம்மா உள்ளே போற?" என்று கேட்டார்.

"என் வீட்டுக்குள்ள போக நான் குனியறேன், நாட்டாரே. அது எனக்கும் என் வீட்டுக்கும் உள்ள விஷயம்."

நாட்டார் குனிந்து கூரை விளிம்பைத் தடவிப் பார்த்தார். அப்புறம், "அந்தக் கோடாலியைக் கொஞ்சம் குடு" என்றார்.

அன்று முதல்தான் கடற்கரைக் குடிசைகளின் கூரை மணலைத் தொடுகிற அளவுக்குத் தாழ்ந்திருக்கிறது. வருகிறவன் புயலாக இருந்தாலும் சரி, அதிகாரம் பண்ண வருகிற எவனாக இருந்தாலும் சரி, முதுகை வளைத்துத்தான் உள்ளே வந்தாக வேண்டும்.